தோட்டத்துக்கு அடியில்: டூவம் குழந்தைகளும் நினைவுச்சின்னம் பற்றிய ஒரு கேள்வியும்

1. கெபியும் கேள்வியும்

அயர்லாந்தின் மேற்கே கால்வே மாவட்டத்தில் டூவம் என்றொரு சிறு நகரம் இருக்கிறது. அங்குள்ள டப்ளின் சாலைக் குடியிருப்பில், வீடுகளுக்கும் ஒரு பழைய மதிலுக்கும் நடுவே ஒரு புல்தரை. அதன் மூலையில் கற்களை அடுக்கிக் கட்டிய சின்னஞ்சிறு கெபியும் அதற்குள் ஒரு மாதா சொரூபமும் பல ஆண்டுகள் இருந்தன. அக்கம்பக்கத்தார் புல் வெட்டினார்கள், பூச்செடி நட்டார்கள், பண்டிகை நாட்களில் விளக்கேற்றினார்கள். யாருக்காக அந்த மாதா அங்கே நிற்கிறாள் என்று சொல்லும் பலகை ஒன்றும் இல்லை.

இன்று அந்த இடம் உலகறிந்த பெயர். திருமணமாகாத தாய்மாருக்குப் பிறந்து, கன்னியர் நடத்திய இல்லத்தில் இறந்த 796 குழந்தைகளின் அடக்கத்துக்கு எழுத்து மூலமான சான்று எங்கும் இல்லை என்று உள்ளூர் வரலாற்றாய்வாளர் கேதரின் கார்லெஸ் நிறுவினார். அவர்களுள் பலரேனும் அந்தப் புல்தரையின் அடியில்தான் கிடக்கிறார்கள் என்பதை அரசு விசாரணை பின்னர் உறுதிசெய்தது. 2025 ஜூலையில் தடயவியல் அகழாய்வு தொடங்கியது.

கைவிடப்பட்டவர்கள் என்று உலகம் பெயரிட்ட குழந்தைகளுக்காக எழுப்பப்படும் சிலையும் தோட்டமும் உண்மையில் என்ன வேலையைச் செய்கின்றன என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி. துக்கத்துக்கு ஓரிடம் தருகின்றன என்பது வழக்கமான பதில். அது பொய்யில்லை, ஆனால் டூவத்தில் கெபி முதலில் வந்தது, விசாரணை நாற்பது ஆண்டுகள் கழித்து வந்தது. அந்த வரிசைதான் என்னை உறுத்துகிறது. விசாரணைக்கு முன்பே எழும் சிலை, விசாரணையின் இடத்தையும் எடுத்துக்கொள்ளும் என்பது என் வாதம். அதே டூவத்தில் அந்தச் சிலைதான் நிலத்தைக் காத்தும் கொடுத்தது. இவ்விரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

2. இல்லம், 1925–1961

புனித மரியாள் தாய்சேய் இல்லம் பான் செக்கூர் சபைக் கன்னியரால் 1925 முதல் 1961 வரை நடத்தப்பட்டது. கட்டடம் அவர்களுடையது இல்லை. 1840களில், பஞ்ச காலத்தில், ஏழைகளுக்கென்று இயங்கத் தொடங்கிய பணிமனை அது. உள்நாட்டுப் போரின்போது படைமுகாமாக இருந்தது. 1923 ஏப்ரலில் பிரிட்டனுடனான ஒப்பந்தத்தை எதிர்த்த தரப்பின் கைதிகள் ஆறு பேர் அதன் சுவரோரம் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு கால்வே மாவட்ட மன்றம் அதைக் கன்னியரிடம் ஒப்படைத்து, உள்ளே இருக்கும் தாய்க்கும் சேய்க்கும் தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்துவந்தது. இல்லத்தின் உரிமையாளர் மன்றம், நடத்துநர் சபை, கண்காணிப்பாளர் அரசின் சுகாதாரத் துறை. பொறுப்பு இப்படி மூன்று கைகளில் பிரிந்து கிடந்ததை மறந்துவிட்டு டூவத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

பிள்ளை பெற்ற பெண் ஏறத்தாழ ஓராண்டு அங்கேயே கூலியில்லாமல் வேலை செய்வாள். பிறகு அவள் வெளியேற வேண்டும்; குழந்தை உள்ளேயே இருக்கும். தத்து, வளர்ப்பு வீடு, தொழிற்பள்ளி என்று ஏதோ ஒரு வழியில் பின்னர் அனுப்பப்படும். தத்தெடுப்புக்குச் சட்டமே 1952-இல்தான் வந்தது. மணமாகாத தாய்க்கு அரசு உதவித்தொகை 1973-இல் வந்தது. பிறப்பால் ஒரு குழந்தையை முறைகேடானது என்று சட்டம் குறிப்பது 1987-இல்தான் நின்றது. இந்த மூன்று ஆண்டுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், டூவத்துத் தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கே போயிருக்க முடியும் என்ற கேள்விக்கு விடை தெரியும். தகப்பன் வீடு சேர்க்காது, வேலை கிடைக்காது, உதவித்தொகை கிடையாது. கைவிட்டவள் என்று அவளைச் சொல்வது எளிது. அவள் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்ட ஏற்பாட்டைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

1940களில் வந்துபோன ஆய்வாளர்கள் நெரிசலையும் மெலிந்து நொந்த குழந்தைகளையும் குறித்துவைத்தார்கள். தட்டம்மை, குடலழற்சி, கக்குவான், மூச்சுக்குழல் நோய் ஆகியவை நெரிசலுள்ள கூடத்தில் ஒரு வாரத்தில் பல தொட்டில்களைக் காலிசெய்யக்கூடியவை. அறிக்கைகள் கோப்பில் ஏறின. பணம் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது.

உயிரோடிருந்தவர்கள் ஊர்ப் பள்ளிக்கு வந்தார்கள். ஆணியடித்த பூட்சுகளின் ஓசையோடு வரிசையாக வருவார்கள். மற்றப் பிள்ளைகளோடு கலக்காதபடி சற்றுத் தாமதமாக வந்து, முன்னதாகவே போய்விடுவார்கள். கார்லெஸ் அதே பள்ளியில் படித்தவர். மிட்டாய்த் தாளில் கல்லைச் சுற்றி, இல்லத்துச் சிறுமி ஒருத்தியிடம் கொடுத்து ஏமாற்றியதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தச் சிறுமிக்கு அதற்கு முன் மிட்டாய் கிடைத்திருக்குமா என்ற எண்ணம் பிற்காலத்தில் தன்னை விடவில்லை என்றும் சொன்னார். ஆய்வுக்குப் பின்னாலுள்ள மனம் ஆய்வுக்கு அந்நியமில்லை என்பதால் இதை இங்கே குறிக்கிறேன்.

3. கில்லீன்: பழைய வழக்கமும் அதன் எல்லையும்

டூவத்தை அயர்லாந்தின் பழைய வழக்கத்தின் தொடர்ச்சியாக விளக்குபவர்கள் உண்டு. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த சிசுவுக்கு மந்திரிக்கப்பட்ட கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது என்று திருச்சபை நெடுங்காலம் விதித்திருந்தது. அப்படிப்பட்ட ஆன்மாக்கள் மோட்சத்துக்கும் போகாமல் நரகத்துக்கும் போகாமல் இடைநிலையில் தங்கும் என்பது நம்பிக்கை. ஆகவே ஊர் ஓரங்களிலும், பாழடைந்த கோயில்களின் அருகிலும், பழங்கால மண்கோட்டைகளிலும், வயல் எல்லைகளிலும் சிசுக்களுக்கென்று தனிப் புதைவிடங்கள் உருவாயின. அவற்றைக் கில்லீன் என்பார்கள். இருட்டும் நேரத்தில் தகப்பனோ உறவினரோ சின்னப் பெட்டியைச் சுமந்துபோய்ப் புதைத்துவிட்டு, ஆற்றிலோ வயலிலோ கிடைத்த கல் ஒன்றைத் தலைமாட்டில் நட்டுவிட்டு வருவார். பூசை இல்லை, பெயர் இல்லை. கால்வே மாவட்டத்தில் இத்தகைய இடங்கள் ஏராளம். அந்த இடைநிலைக் கோட்பாட்டைத் தளர்த்தி, இச்சிசுக்களின் மீட்புக்கு நம்பிக்கை கொள்ளலாம் என்று வாத்திக்கனின் பன்னாட்டு இறையியல் குழு 2007-இல் சொன்னது. அதற்குள் பல தலைமுறைத் தாய்மார்கள் அந்த நம்பிக்கையின் பாரத்தோடே இறந்துபோயிருந்தார்கள்.

இந்த விளக்கம் துயரம் மிக்கது. ஆனால் டூவத்துக்கு இது பொருந்தாது. இல்லத்துக் குழந்தைகள் ஞானஸ்நானம் பெற்றவர்கள். கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய இல்லத்தில் அது விட்டுப்போகாத காரியம். 2014-இல் ஞானஸ்நானம் மறுக்கப்பட்ட குழந்தைகள் என்று எழுதிய அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அந்தப் பிழையைத் திருத்தி வெளியிட்டது. சபையின் ஆதரவாளர்கள் அத்திருத்தத்தை ஒரு வெற்றியாகக் கொண்டாடினார்கள். எனக்கோ அது குற்றத்தைக் குறைப்பதாகத் தெரியவில்லை. ஞானஸ்நானம் பெற்ற குழந்தைக்குத் திருச்சபையின் சொந்த விதிப்படியே மந்திரித்த நிலத்தில் அடக்க உரிமை உண்டு. டூவத்தின் பொதுக் கல்லறைத் தோட்டமோ தூரத்தில் இல்லை. கோட்பாடு தடுக்காதபோதும் அடக்கம் நடக்கவில்லை என்றால், காரணத்தைக் கோட்பாட்டுக்கு வெளியேதான் தேட வேண்டும்: செலவு, அலட்சியம், இவர்களுக்கு இது போதும் என்ற எண்ணம்.

4. பதிவேட்டிலிருந்து எழுந்த பட்டியல்

1961-இல் இல்லம் மூடப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் கட்டடத்தை இடித்துவிட்டு மன்றம் வீடுகள் கட்டியது. 1975-இல் இரண்டு சிறுவர்கள் அங்கே விளையாடும்போது ஒரு கான்கிரீட் பலகையின் கீழே எலும்புகளைக் கண்டார்கள். பாதிரியார் வந்து செபம் சொன்னார்; குழி மூடப்பட்டது. பஞ்சத்தில் மாண்டவர்களின் எலும்பாக இருக்கும் என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டார்கள். அக்கட்டடத்தின் வரலாற்றில் அப்படியொரு பதில் கையெட்டும் தூரத்திலேயே இருந்தது. பஞ்சத்துக்கு யாரும் இன்று பதில் சொல்ல வேண்டியதில்லை அல்லவா?

அதன் பிறகுதான் குடியிருப்பில் வாழ்ந்த ஒரு தம்பதியர் அந்த இடத்தைத் தங்கள் பொறுப்பாக எடுத்துக்கொண்டு பராமரித்தார்கள். கெபியும் மாதாவும் அப்படி வந்தவை. அவர்கள் செய்தது நன்மை என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்தக் கெபி இல்லாவிட்டால் அங்கே இன்னொரு வீடோ வாகன நிறுத்தமோ வந்திருக்கும். ஒரு சொரூபத்தை இடித்துவிட்டுக் கட்டடம் கட்ட எந்த மன்றமும் துணியாது. அதே சமயம், செபம் சொல்லி மூடப்பட்ட குழி, கெபி வந்த பிறகு மேலும் மூடிக்கொண்டது. மரியாதை செலுத்தியாயிற்று என்ற நிம்மதி ஊருக்குக் கிடைத்தது. 1975-இல் காவல்துறையோ மாவட்ட மருத்துவ அதிகாரியோ அந்த எலும்புகளின் வயதைக் கேட்டிருந்தால், இல்லத்தில் பணிபுரிந்தவர்கள் பலர் அப்போது உயிரோடிருந்தார்கள். அவர்களிடம் கேட்டிருக்கலாம். கேள்வி கேட்கப்படாமலேயே நாற்பது ஆண்டுகள் போயின.

கார்லெஸின் முறை எளிமையானது, அதனாலேயே வலுவானது. அவர் பல்கலைக்கழக ஆய்வாளர் இல்லை. டூவம் வரலாற்றுச் சங்கத்தின் ஆண்டிதழுக்கு இல்லத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுத முனைந்தார். 2012-இல் அது வெளிவந்தது. இல்லத்தில் இறந்த குழந்தைகளின் பதிவுகளைக் கால்வே பதிவு அலுவலகத்தில் கேட்டார். இருபது முப்பது இருக்கும் என்று நினைத்தவருக்கு நூற்றுக்கணக்கில் இருப்பதாகப் பதில் வந்தது. ஒவ்வொரு சான்றிதழுக்கும் பணம் கட்டி வாங்கினார். ஒவ்வொன்றிலும் பெயர், வயது, நாள், காரணம். 1925 ஆகஸ்டில் இறந்த ஐந்து மாதக் குழந்தையில் தொடங்கி 1960 ஜனவரியில் இறந்த ஐந்து மாதக் குழந்தையில் முடியும் பட்டியல் அது. அப்பெயர்களை அக்கம்பக்கத்துக் கல்லறைத் தோட்டங்களின் அடக்கப் பதிவேடுகளோடு ஒப்பிட்டார். அவர்கள் அங்கே இல்லை.

பிறகு வரைபடங்களை எடுத்தார். பணிமனைக் காலத்துப் பழைய வரைபடத்தில், பின்னாளில் எலும்புகள் அகப்பட்ட அதே இடத்தில் கழிவுநீர்த் தொட்டி குறிக்கப்பட்டிருந்தது. 1970களில் மன்றம் வீடு கட்டுவதற்காகத் தயாரித்த வரைபடத்திலோ, அதே இடத்தில் புதைவிடம் என்று கையால் எழுதப்பட்டிருந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் இரண்டும் பொருந்தின. என்னைப் பொறுத்தவரை இந்த ஆய்வின் மிக முக்கியமான கண்டுபிடிப்பு அந்தக் கையெழுத்துதான். மன்ற அலுவலகத்தில் யாரோ ஒருவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தபடியே எழுதியும் வைத்திருக்கிறார். எழுதியதை யாரும் படிக்கவில்லை, அல்லது படித்தவர்கள் பேசவில்லை.

5. தலைப்புச் செய்தியும் மறுப்பும்

கார்லெஸும் உள்ளூர்க் குழுவினரும் முதலில் கேட்டது அகழாய்வு இல்லை. குழந்தைகளின் பெயர்களைத் தாங்கிய ஒரு நினைவுச்சின்னத்துக்காகவே பணம் திரட்டத் தொடங்கினார்கள். அந்த முயற்சியைப் பற்றிய செய்தியாகத்தான் 2014 மே 25 அன்று ஐரிஷ் மெயில் ஆன் சண்டே இதழில் விஷயம் வெளிவந்தது. விரைவில் அது உலகச் செய்தியானது. எண்ணூறு குழந்தைகள் கழிவுநீர்த் தொட்டியில் வீசப்பட்டார்கள் என்று தலைப்புகள் அலறின. வீசப்பட்டார்கள் என்று தான் சொல்லவில்லை என்று கார்லெஸ் மறுத்தார். உடனே மறுதரப்பு எழுந்தது: ஆதாரம் இல்லை, எல்லாம் கட்டுக்கதை, தொட்டியில் இத்தனை உடல்கள் எப்படி அடங்கும் என்றெல்லாம் கட்டுரைகள் வந்தன.

இருதரப்பையும் இன்று திரும்பப் படிக்கும்போது, தலைப்புச் செய்தி செய்த மிகையைவிட மறுப்பு செய்த தீங்கு பெரிது என்றே சொல்வேன். மிகையைத் திருத்தலாம். மறுப்போ, தொட்டியின் அளவைப் பற்றிப் பேசிப் பேசி, குழந்தைகள் எங்கே என்ற ஒரே கேள்வியை ஒதுக்கித் தள்ளியது.

2015-இல் நீதிபதி இவோன் மர்ஃபி தலைமையில் தாய்சேய் இல்லங்கள் பற்றிய விசாரணை ஆணையம் அமைந்தது. சோதனை அகழாய்வின் முடிவை 2017 மார்ச் 3 அன்று அது அறிவித்தது. இருபது அறைகள் கொண்ட ஒரு நிலத்தடிக் கட்டுமானம். அவற்றுள் குறைந்தது பதினேழில் கணிசமான அளவு மனித எச்சங்கள். வயது, கருவில் முப்பத்தைந்து வாரம் அளவிலிருந்து இரண்டு மூன்று ஆண்டுகள் வரை. கரிமக் காலக்கணிப்பு இல்லம் இயங்கிய காலத்தையே காட்டியது; சில எச்சங்கள் 1950களைச் சேர்ந்தவையாக இருக்கலாம் என்றது. பஞ்சகாலக் கதை அத்தோடு முடிந்தது. அந்தக் கட்டுமானம் கழிவுநீரோடு தொடர்புடையதாகத் தெரிகிறது என்றும், அதற்கு அது உண்மையில் பயன்பட்டதா என்பதை இன்னும் தீர்மானிக்கவில்லை என்றும் ஆணையம் கவனமாகச் சொன்னது. இந்த நிதானம் முன்னமே இருந்திருந்தால் மூன்று ஆண்டுச் சண்டை மிச்சமாகியிருக்கும்.

6. மூடிய நிலமா, திறந்த நிலமா

நினைவுச்சின்னம் பற்றிய உண்மையான விவாதம் இங்கேதான் தொடங்குகிறது. அரசு நியமித்த தொழில்நுட்ப நிபுணர் குழு 2017 டிசம்பரில் ஐந்து வழிகளை முன்வைத்தது. ஒரு முனையில், எதையும் தோண்டாமல் அந்த இடத்தை நினைவிடமாக்குவது. மறுமுனையில், முழுமையான தடயவியல் அகழாய்வு. இடையே பலவிதமான பாதி வழிகள். 2018-இல் மக்கள் கருத்துக் கேட்கப்பட்டது.

தோண்ட வேண்டாம் என்றவர்களின் வாதங்களை எளிதாகத் தள்ளிவிட முடியாது. எலும்புகள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. சிசுவின் எலும்பு மெல்லியது, சீக்கிரம் கரையக்கூடியது. ஈரமண்ணில் பல பத்தாண்டுகள் கிடந்த எலும்பிலிருந்து மரபணு எடுப்பது உறுதியில்லை என்று நிபுணர் குழுவே எச்சரித்தது. ஒப்பிட்டுப் பார்க்க நெருங்கிய உறவினர் பலருக்கு இல்லை. அந்த வீடுகளில் வாழ்பவர்கள் தங்கள் ஜன்னலுக்கு எதிரே இரண்டு ஆண்டுகள் கூடாரமும் தடுப்புவேலியும் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். புதைந்தவர்களைக் கிளறாமல் உறங்கவிட வேண்டும் என்ற உணர்வு எல்லாச் சமூகத்திலும் ஆழமானது.

தோண்டினாலே நீதி வந்துவிடாது என்பதற்கும் அயர்லாந்திலேயே முன்னுதாரணம் உண்டு. 1993-இல் டப்ளினின் ஹை பார்க்கில் கன்னியர் சபை ஒன்று நிலத்தை விற்றபோது, பெண்களை அடைத்துவைத்துக் கூலியின்றி வேலைவாங்கிய மக்தலேனா சலவைக்கூடத்தில் வாழ்ந்து இறந்த பெண்களின் கல்லறைகள் தோண்டப்பட்டன. 133 உடல்களுக்கு அனுமதி வாங்கியிருந்தார்கள். மேலும் 22 உடல்கள் கிடைத்தன. பலருக்கு இறப்புச் சான்றிதழே இல்லை. கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் கூடுதல் அனுமதி தரப்பட்டு, உடல்கள் பெரும்பாலும் எரிக்கப்பட்டு, கிளாஸ்நெவின் கல்லறைத் தோட்டத்துக்கு மாற்றப்பட்டன. பின்னர் கல்லில் பொறிக்கப்பட்ட பெயர்களும் அனுமதிப் பத்திரத்தின் பெயர்களும் ஒத்துப்போகவில்லை என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். மண்ணைத் திறந்தார்கள், கல்லும் வைத்தார்கள். விசாரணை மட்டும் நடக்கவில்லை.

எதிர்த்திசையில் டப்ளினின் மவுண்ட் ஜெரோம் கல்லறைத் தோட்டத்தைப் பார்க்கலாம். பெத்தனி இல்லம் என்ற புராட்டஸ்டன்ட் நிறுவனத்தைச் சேர்ந்த 222 குழந்தைகள் அங்கே அடையாளமில்லாத குழிகளில் அடக்கம் செய்யப்பட்டதை நையல் மீஹன் என்ற ஆய்வாளர் பதிவேடுகளிலிருந்து வெளிக்கொணர்ந்தார். 2014-இல் பெயர்களோடு நினைவுக்கல் நடப்பட்டது. அங்கே தோண்ட வேண்டியிருக்கவில்லை. அடக்கப் பதிவேடு இருந்தது, யார் எங்கே என்பது தெரிந்தது. கல் சான்றைத் தொடர்ந்து வந்தது. டூவத்தில் இல்லாதது அந்தப் பதிவேடுதான். அங்கே மண்ணைத் தவிர வேறு ஆவணம் இல்லை.

இந்த வேறுபாடுதான் என் முடிவைத் தீர்மானிக்கிறது. எழுத்துச் சான்று இருக்கும் இடத்தில் மண்ணை விட்டுவைப்பது மரியாதை. எழுத்துச் சான்று இல்லாத இடத்தில் மண்ணை மூடிவைப்பது, சான்றை மூடிவைப்பது. கார்லெஸும் இப்படித்தான் நகர்ந்தார்: கல்வெட்டு போதும் என்று தொடங்கியவர், 2017-க்குப் பிறகு ஒவ்வொரு குழந்தையும் வெளியே எடுக்கப்பட வேண்டும் என்று பேசினார். 2018 அக்டோபரில் அமைச்சர் கேத்தரின் ஜப்போன் முழு அகழாய்வை அறிவித்தார். அதற்கான சட்டம் 2022-இல்தான் நிறைவேறியது. பணியை நடத்தும் இயக்குநராக டேனியல் மக்ஸ்வீனி 2023-இல் நியமிக்கப்பட்டார்.

உறவினர் தரப்பில் இன்னொரு காரணமும் இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. இறந்ததாகப் பதிவான தம்பியோ அக்காவோ உண்மையில் அமெரிக்காவுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டிருக்கலாம் என்று நம்பும் உடன்பிறந்தோர் உண்டு. அதற்கு ஆதாரம் மிகக் குறைவு என்று ஆணையம் சொல்லிவிட்டது. ஆனாலும் எழுபது எண்பது வயதில் இருக்கும் ஒருவருக்கு, சான்றிதழ் ஒன்று மட்டும் தரக்கூடிய முடிவு எது? உடல் கிடைத்தால் அழலாம், இல்லையென்றால் தேடலாம். சிலை இவ்விரண்டுக்கும் உதவாது.

7. கலிமேசா: பெயரில்லாத உடல்கள்

ஒப்பீட்டுக்காகக் கடல்தாண்டி ஒரு தோட்டத்தைப் பார்ப்போம். 1996-இல் லாஸ் ஏஞ்சலஸில் நெடுஞ்சாலையோரம் பைக்குள் வீசப்பட்டுக் கிடந்த பச்சிளம் குழந்தையைப் பற்றிய செய்தியைத் தொலைக்காட்சியில் கேட்ட டெபி ஃபாரிஸ் என்ற பெண், பிணவறை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். உரிமை கோரப்படாத உடல்களை எரித்துப் பொதுக்குழியில் இடுவது அங்குள்ள வழக்கம். அவர் அக்குழந்தையை அடக்கம் செய்ய உரிமை கேட்டார். அவரிடம் மூன்று குழந்தைகள் ஒப்படைக்கப்பட்டன. கலிஃபோர்னியாவின் கலிமேசாவில் உள்ள டெஸர்ட் லான் கல்லறைத் தோட்டத்தில் அந்த மூன்றோடு தொடங்கிய பகுதி, தேவதைகளின் தோட்டம் என்று பெயர்பெற்றது. அடங்கிய ஒவ்வொரு குழந்தைக்கும் அவரே ஒரு பெயர் வைத்தார். அந்தப் பெயரோடு வெள்ளைச் சிலுவை நடப்பட்டது.

டூவத்தில் பெயர் உண்டு, உடல் எங்கே என்று தெரியாது. கலிமேசாவில் உடல் உண்டு, பெயர் இரவல். ஆனாலும் கலிமேசாவின் தோட்டம் வெறும் தோட்டமாக நின்றுவிடவில்லை. பிறந்த குழந்தையை ஒரு குறிப்பிட்ட காலத்துக்குள் பாதுகாப்பாக ஒப்படைக்கும் தாய்க்கு வழக்கு இல்லை என்ற சட்டம் 1999-இல் டெக்ஸாஸில் முதலில் வந்தது. கலிஃபோர்னியாவில் அதற்காக ஃபாரிஸ் முன்னின்று உழைத்தார். 72 மணிநேரத்துக்குள் மருத்துவமனையிலோ குறிப்பிட்ட தீயணைப்பு நிலையத்திலோ ஒப்படைக்கலாம் என்ற சட்டம் 2001 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. நம் வாசகர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. 1992-இலேயே தமிழ்நாட்டு அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்கியிருந்தது. கலிஃபோர்னியாவில் அப்படி ஒப்படைக்கப்பட்டு உயிர்பிழைத்த குழந்தைகளின் எண்ணிக்கை ஆயிரத்தைக் கடந்துவிட்டது.

இது பெரிய காரியம். என்றாலும் இத்தோட்டத்தின் வழியே ஒரு பார்வையும் நிலைபெறுகிறது: குழந்தை தேவதை, அடக்கம் செய்பவர் இரக்கமுள்ளவர், தாய் கதையில் இல்லை. கர்ப்பத்தை ஒன்பது மாதம் மறைத்து, தனியே பெற்று, பைக்குள் வைத்த அந்தப் பெண் யார், எதற்கு அஞ்சினாள் என்பதைச் சிலுவைகள் கேட்பதில்லை. ஒப்படைப்புச் சட்டமும் கேட்பதில்லை. கேட்கக்கூடாது என்பதே அதன் உயிர். ஆகவே அந்தக் கேள்வியை வேறு யாராவது கேட்க வேண்டியிருக்கிறது. டூவத்தில் அதைக் கேட்கும் வாய்ப்பு இருந்தது, ஏனென்றால் தாய்மார் சிலர் உயிரோடிருந்தார்கள்.

8. பொறுப்பை எங்கே எழுதுவது

ஆணையத்தின் இறுதி அறிக்கை 2021 ஜனவரி 12 அன்று வெளிவந்தது. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பதினெட்டு நிறுவனங்களில் ஏறத்தாழ 9,000 குழந்தைகள் இறந்தார்கள். உள்ளே இருந்த குழந்தைகளில் சுமார் பதினைந்து விழுக்காடு. 1960-க்கு முன் இந்த இல்லங்கள் மணமாகாத தாய்மாரின் குழந்தைகளைக் காக்கவில்லை, அவர்கள் பிழைக்கும் வாய்ப்பைக் குறைத்தன என்று ஆணையம் தெளிவாகச் சொன்னது. மறுநாள் பிரதமர் மீஹால் மார்ட்டின் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். பான் செக்கூர் சபையும் மன்னிப்புக் கேட்டது.

ஆனால் அதே அறிக்கை, இந்தப் பெண்கள் பட்ட கொடுமைக்கு முதன்மைப் பொறுப்பு குழந்தைகளின் தந்தையரிடமும் பெண்களின் குடும்பத்தாரிடமுமே இருக்கிறது என்றது. அரசும் திருச்சபைகளும் அதற்குத் துணைநின்றன, பொறுத்துக்கொண்டன என்றது. உயிர்பிழைத்தவர்கள் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். மகளை வீட்டைவிட்டு அனுப்பிய தகப்பன் குற்றமற்றவன் என்று யாரும் சொல்லவில்லை. அனுப்பப்பட்ட மகளின் குழந்தைக்குத் தலைக்கட்டுப் பணம் கொடுத்தது மன்றம், பெற்றுக்கொண்டது சபை, ஆய்வாளர் அறிக்கையைப் படித்தது துறை. நோய் பரவிய கூடத்தில் தொட்டில்களைத் தள்ளிப் போடும் அதிகாரம் தகப்பனிடம் இல்லை. இறந்த குழந்தையை எங்கே புதைப்பது என்று தீர்மானித்ததும் அவன் இல்லை. அடக்கம் பற்றித் தனியே எழுதிய 2019-ஆம் ஆண்டின் இடைக்கால அறிக்கையிலேயே, இல்லம் இயங்கிய நாட்களில் புதைத்த விதம் பற்றி மன்றத்தாருக்கு ஏதேனும் தெரிந்திருக்கத்தான் வேண்டும் என்று ஆணையம் எழுதியது. இறுதி அறிக்கை அந்தக் கூர்மையைத் தொடரவில்லை.

டூவத்தில் நாளை எழும் நினைவுச்சின்னம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால், வடிவத்தைப் பற்றி எனக்கு அதிகம் சொல்ல இல்லை. மாதா சொரூபம் அங்கேயே இருக்கட்டும். அது அண்டை வீட்டாரின் அன்பு. அதன் அருகே ஒவ்வொரு குழந்தையின் பெயரும் வயதும் இறந்த நாளும் வேண்டும். சான்றிதழில் உள்ள காரணமும் வேண்டும். நடத்தியவர், சொந்தக்காரர், பணம் கொடுத்தவர், மேற்பார்வையிட்டவர் என்று நான்கு வரிகளில் நிறுவனங்களின் பெயரும் அதே கல்லில், அதே அளவு எழுத்தில் இருக்க வேண்டும். இறந்தவர்களின் பெயரை மட்டும் பொறிக்கும் கல், அவர்கள் தாமாகவே இறந்தது போலக் காட்டிவிடும்.

9. பெஸ்பரோ

டூவத்தோடு இது முடியவில்லை. கார்க் நகரின் பெஸ்பரோ இல்லம் வேறொரு சபையால் 1922 முதல் 1998 வரை நடத்தப்பட்டது. அங்கே தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அவர்களுள் 64 பேரின் அடக்க இடத்தை மட்டுமே ஆணையத்தால் கண்டறிய முடிந்தது. சபையினர் தந்த பிரமாண வாக்குமூலம் பல விதத்தில் ஊகமானது, பிழையானது, தவறான வழிகாட்டுவது என்று ஆணையம் எழுதியது. அந்த வளாகத்தில் கன்னியருக்கென்று ஒரு சிறு கல்லறைத் தோட்டம் ஒழுங்காக இருக்கிறது. நிலத்தின் ஒரு பகுதி கைமாறி, அடுக்குமாடி கட்ட விண்ணப்பம் வந்தது. குழந்தைகள் அங்கே புதைந்திருக்கக்கூடும் என்பதைக் காரணம் காட்டி 2021-இல் திட்ட மேல்முறையீட்டு வாரியம் அனுமதி மறுத்தது. அனுமதி மறுப்பு கட்டடத்தைத்தான் நிறுத்தியது. டூவத்துக்கென்று பிறந்த 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பிற இடங்களிலும் பயன்படுத்த வழி இருக்கிறது. ஆனால் அதற்கு முதலில் எச்சங்கள் இருப்பது தெரிய வேண்டும், எச்சங்கள் இருப்பது தெரிய யாராவது தேட வேண்டும். டூவத்தில் அந்தத் தேடலை ஒரு பெண் தன் சொந்தச் செலவில், சான்றிதழ் சான்றிதழாகச் செய்தார். பெஸ்பரோவில் அதை அரசு தன் செலவில் செய்ய வேண்டும் என்று உறவினர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.